கோல்டு ரஷ் காலத்து ரயில்வே பாண்டுகள் சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு

பழைய ரயில்வே பாண்டு, அதாவது ரயில் கம்பெனி வாங்கிய கடனுக்குக் கொடுத்த பத்திரம், ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. மேலே புகை விட்டுக்கொண்டு போகும் ரயில் படம், நடுவில் ஆயிரம் டாலர் தருவதாக வாக்குறுதி, கீழே வரிசையாக வட்டிக் கூப்பன்கள், பழுப்பேறிய மையில் கையெழுத்துகள். ஆனால் வாங்க இறங்கினால்தான் தெரியும் எத்தனை குழப்பம் என்று. இதைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி விற்பவர்களே எழுதியது, அதனால் எதை நம்புவது என்று புரிய எனக்கே நிறைய நாள் ஆனது. நான் இருப்பது சாக்ரமெண்டோ பக்கம், ஆகவே டாலர், அமெரிக்க ஏலம், அமெரிக்கத் தபால் என்றுதான் எழுதுகிறேன். எங்கிருந்து வாங்கினாலும் முக்கால்வாசி பொருந்தும்.

1. எந்த கோல்டு ரஷ் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோல்டு ரஷ் என்பது தங்கம் கிடைத்த சேதி கேட்டு ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஓடிவந்த அலை. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது 1848 ஜனவரியில், கூட்டம் வந்தது 1849ல், 1855 வாக்கில் அந்த அலை அடங்கிவிட்டது. கலிஃபோர்னியாவின் முதல் முறையான ரயில் பாதையான சாக்ரமெண்டோ வேலி ரயில்ரோடு, ஃபோல்சம் வரை 22 மைல், திறந்தது 1856 பிப்ரவரியில். அதாவது தங்கம் தேடி ஆட்கள் குவிந்த காலத்தில் அங்கே ஓடுவதற்கு ரயிலே இல்லை. ஆகவே யாராவது "1849 கலிஃபோர்னியா கோல்டு ரஷ் ரயில்வே பாண்டு" என்று விளம்பரம் போட்டிருந்தால் விலையைப் பார்க்கும் முன் தேதியையும் ஊரையும் பாருங்கள்.

அப்படியானால் அந்தப் பெயரில் விற்பது என்னென்ன?

உண்மையிலேயே அந்தக் காலத்து ரயில் என்றால் பனாமா ரயில்ரோடுதான். நியூயார்க்கிலிருந்து கப்பலில் வந்து, பனாமாவைக் குறுக்கே கடந்து, மறுபடி கப்பலேறி சான்ஃபிரான்சிஸ்கோ போனவர்களுக்காகப் போட்ட பாதை. 1850ல் வேலை தொடங்கி 1855 ஜனவரியில் முடிந்தது, 47 மைல் சொச்சம், ஒருவழிக் கட்டணம் 25 டாலர். இதன் 1850களின் பாண்டுகள் அரிது, விலையும் அதற்கேற்ப. ஆனால் இதே கம்பெனியின் 1870, 80களின் பங்குப் பத்திரங்கள் சாதாரணமாகக் கிடைக்கும். அவற்றை கோல்டு ரஷ் விலைக்கு உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம்.

அப்புறம் சாக்ரமெண்டோ வேலி, சான்ஃபிரான்சிஸ்கோ அண்ட் சான் ஹோசே, சென்ட்ரல் பசிபிக் போன்றவை. இவை கோல்டு ரஷ்ஷின் பணத்திலும் ஆட்களிலும் பிறந்தவை, காலம் மட்டும் சற்றுத் தள்ளி. சென்ட்ரல் பசிபிக்கில் 1864 சட்டத்தின் கீழ் வந்த பாண்டுகள் எனக்கு மிகவும் பிடித்தவை: 15 லட்சம் டாலர் பாண்டுகளுக்கு 20 ஆண்டுக்கு 7 சத வட்டியைக் கலிஃபோர்னியா மாநிலமே கட்டுவதாக ஏற்றுக்கொண்டது. பிளேசர், சாக்ரமெண்டோ கவுண்டிகள் (மாவட்டம் மாதிரி) இந்த ரயிலில் பங்கு வாங்க வெளியிட்ட பாண்டுகளும் உண்டு. அவற்றின் தலைப்பில் கம்பெனி பெயர் இருக்காது, கவுண்டி பெயர்தான் இருக்கும், அதனாலேயே பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

மற்ற கோல்டு ரஷ்களும் இருக்கின்றன. கொலராடோவின் கிரிப்பிள் கிரீக் என்றால் ஃப்ளோரன்ஸ் அண்ட் கிரிப்பிள் கிரீக், மிட்லண்ட் டெர்மினல். கனடாவின் க்ளோண்டைக் என்றால் அலாஸ்காவின் ஸ்காக்வேயிலிருந்து ஒயிட்ஹார்ஸ் வரை 1898க்கும் 1900க்கும் இடையே லண்டன் பணத்தில் போட்ட ஒயிட் பாஸ் அண்ட் யூகான். அதன் பத்திரங்கள் பவுண்டுக் கணக்கில் வரும், டாலரை எதிர்பார்த்துக் குழம்பாதீர்கள். விர்ஜினியா அண்ட் ட்ரக்கியையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள், அது முக்கியமாக வெள்ளிச் சுரங்கத்தின் ரயில்.

கடைசி வகை, 1848 முதல் 1855 வரை ஒஹாயோ, இண்டியானா பக்கம் வெளியான பாண்டுகள். காலம் அதே, தங்கத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, கைபழக இவை நல்லவை. விலையில் மட்டும் "கோல்டு ரஷ்" என்ற சொல்லுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு பொறி: தலைப்பில் "கோல்டு பாண்டு" என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது தங்க வேட்டையோடு தொடர்புள்ளது என்று அர்த்தமில்லை. அசலையும் வட்டியையும் தங்க நாணயத்தில் தருவோம் என்பதுதான் அர்த்தம். உள்நாட்டுப் போரின்போது 1862ல் காகித டாலர் புழங்க ஆரம்பித்த பிறகு முதலீட்டாளர்கள் இதைக் கேட்டு வாங்கினார்கள். ஆக, அந்தச் சொல் பெரும்பாலும் பிந்தைய காலத்துக்கு அடையாளம்.

2. பாண்டில் எழுதிய தொகையை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது

"ரத்து செய்யப்படாத பாண்டு, தங்கத்தில் தருவதாக வாக்குறுதி, இன்றைய மதிப்பு பல லட்சம் டாலர்" என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கணக்கைப் போட்டுக் காட்டுவார்கள்: அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம் 20.67 டாலர், ஆயிரம் டாலர் பாண்டு என்றால் 48 அவுன்ஸுக்கு மேல், அதற்கு இத்தனை ஆண்டு வட்டி, வட்டிக்கு வட்டி. பெருக்கல் சரியாகத்தான் இருக்கும். சட்டம்தான் இடிக்கும்.

1933 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் இந்தத் தங்க நிபந்தனைகளைச் செல்லாததாக்கியது. அதை எதிர்த்து ஒருவர் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே பாண்டை வைத்துத்தான் வழக்குப் போட்டார். 22.50 டாலர் கூப்பனுக்கு, தங்கத்தின் புது விலைப்படி 38.10 டாலர் வேண்டும் என்று கேட்டார். 1935 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடியாது என்று சொல்லிவிட்டது. அதோடு முடிந்த கதை. போதாததற்கு இந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை திவாலாகி, கைமாறி, கலைந்து போனவை.

1873ல் வெளியான சிகாகோ, சாகினா அண்ட் கனடா ரயில்ரோடு பாண்டுகளை வைத்து 1990களில் இதே கதையைச் சொல்லி மோசடி நடந்தது. இப்படிப்பட்ட பழைய பாண்டுகளைக் காட்டி வருபவர்களைப் பற்றி அமெரிக்கக் கருவூலத் துறையே எச்சரித்திருக்கிறது. அடையாளம் எளிது: பாண்டோடு கூடவே "மூன்றாம் தரப்பு மதிப்பீட்டுச் சான்றிதழ்" என்று கோடிக்கணக்கில் எண் போட்ட ஒரு தாள் வரும். அந்தத் தாளைப் பார்த்தவுடன் எழுந்து வந்துவிடுங்கள்.

3. பாண்டைப் படிக்கும் முறை

புதிதாக வருபவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், எழுத்தைப் படிப்பதில்லை. நான் பார்க்கும் வரிசை இது: கம்பெனியின் முழுப்பெயர், எந்த மாநிலத்துச் சட்டத்தின் கீழ், வெளியீட்டுத் தேதி, முதிர்வுத் தேதி, வட்டி வீதம், அடமானத்துக்குப் பொறுப்பாளர் (பாண்டு வாங்கியவர்கள் சார்பில் அடமானத்தை வைத்திருப்பவர்) யார், பாண்டு எண், கையெழுத்துகள். முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம். பொறுப்பாளரின் சான்றும், பெயர் மாற்றப் பதிவுகளும் பெரும்பாலும் அங்கேதான். பின்பக்கப் படம் போடாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு பாண்டு பார்த்துக்கொள்ளலாம்.

கூப்பன் விஷயம் தனி. ஆயிரம் டாலருக்கு 7 சதம், அரையாண்டுக்கு ஒருமுறை என்றால் ஒவ்வொரு கூப்பனும் 35 டாலர். வட்டி வாங்க வாங்க வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாக் கூப்பன்களும் அப்படியே இருந்தால் புதியவர்கள் மகிழ்ந்து போகிறார்கள். ஒன்று அது வெளியிடப்படாத பாண்டு, அல்லது கம்பெனி முதல் வட்டியே கட்டவில்லை. பார்க்க அழகுதான், ஆனால் முதல் சில கூப்பன்கள் மட்டும் போய் மீதி அப்படியே நிற்கும் பாண்டில் அந்தக் கம்பெனி எந்த ஆண்டு கடைசி மூச்சை விட்டது என்பதைக் கூப்பன் தேதியை வைத்தே சொல்லிவிடலாம். எனக்கு அதுதான் சுவாரசியம்.

கையெழுத்து இருந்து வெளியிடப்பட்டது, கையெழுத்தில்லாத மிச்சத்தாள், "ஸ்பெசிமன்" என்று அச்சான மாதிரி, இந்த மூன்றின் விலையும் வேறு. ரத்து செய்தது என்றால் பஞ்ச் ஓட்டை, கத்தி வெட்டு அல்லது முத்திரை இருக்கும். ஓட்டை கையெழுத்தின் மேல் விழுந்திருந்தால் விலை இறங்கும். சென்ட்ரல் பசிபிக்கைத் தொடங்கியவர்களான லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், மார்க் ஹாப்கின்ஸ், கோலிஸ் ஹன்டிங்டன் கையெழுத்து என்றால் பாண்டின் விலையை அந்தக் கையெழுத்துதான் முடிவு செய்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் அது பேனாவால் போட்டதா, அச்சிட்ட நகலா, செயலாளர் அவருக்காகப் போட்டதா என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். கூப்பன்களில் இருக்கும் கையெழுத்துகள் பெரும்பாலும் அச்சுதான், அதைக் காட்டி விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

4. அசலா என்று பார்ப்பது

ஒரு 10 மடங்கு லென்ஸ், ஒரு சிறிய புற ஊதா டார்ச். இரண்டும் சேர்ந்து 30 டாலருக்குள் அடங்கிவிடும், முதல் பாண்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதில் கோடுகள் முழுதாக, கூர்மையாக இருக்கும், விரலால் மெதுவாகத் தடவினால் மை சற்று மேடாகத் தெரியும். லென்ஸில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால நகல். 1850களின் சில சிறு கம்பெனிகள் கல்லச்சில் அடித்தன, அதில் மேடு இருக்காது, அதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். புற ஊதா ஒளியில் தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது, அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த காகிதம். சுற்றுலாக் கடைகளில் மஞ்சள் சாயம் தோய்த்து, மொறமொறவென்று சுருக்கி விற்கிற நினைவுப் பொருட்கள் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை விற்றவர்கள் ஏமாற்றவில்லை, இரண்டு கை மாறிய பிறகுதான் அது "தாத்தா பெட்டியில் கிடைத்தது" ஆகிறது.

அச்சகத்தின் பெயர் நல்ல சாட்சி. ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி உருவானது 1858ல், ராடன், ரைட், ஹேட்ச் அண்ட் எட்சன் போன்ற பழைய அச்சகங்கள் ஒன்றுசேர்ந்து. ஆகவே 1853 தேதியிட்ட பாண்டில் அந்தப் பெயர் இருந்தால் கேள்வி கேளுங்கள். நேஷனல் பேங்க் நோட் 1859, கான்டினென்டல் 1863.

வருவாய் முத்திரை வில்லைகளும் உதவும். 1862 அக்டோபர் முதல் 1872 வரை இப்படிப்பட்ட ஆவணங்களுக்கு அமெரிக்க அரசு முத்திரை வரி வாங்கியது, அதனால் அந்தப் பத்து ஆண்டுகளின் பாண்டுகளில் வில்லை ஒட்டியிருக்கும் அல்லது தாளிலேயே அச்சாகியிருக்கும். வில்லையைச் சேகரிப்பவர்களும் இதே பாண்டுக்குப் போட்டிக்கு வருவார்கள், விலை திடீரென்று ஏறுவதற்குச் சில நேரம் அதுதான் காரணம். வில்லையை உரித்தெடுத்த தழும்பு இருந்தால் பேரம் பேசுங்கள்.

5. கம்பெனியைப் பற்றி இலவசமாகத் தேடுங்கள்

பூர்ஸ் மேனுவல் என்ற ரயில்வே ஆண்டுத் தொகுப்பு 1868ல் தொடங்கியது, பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு ஹாத்தி டிரஸ்ட், கூகுள் புக்ஸில் இலவசமாகக் கிடக்கின்றன. கம்பெனி எத்தனை டாலருக்கு பாண்டு வெளியிட்டது, என்ன வட்டி, எப்போது முதிர்வு என்று அதில் இருக்கும். உங்கள் கையில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். 1868க்கு முந்தையது என்றால் பழைய செய்தித்தாள்தான் வழி. கலிஃபோர்னியா டிஜிட்டல் நியூஸ்பேப்பர் கலெக்ஷனில் சாக்ரமெண்டோ டெய்லி யூனியன், டெய்லி ஆல்டா கலிஃபோர்னியா எல்லாம் தேடிப் படிக்கலாம், கட்டணம் இல்லை. தேடும்போது கம்பெனி பெயரை இரண்டு மூன்று விதமாகப் போடுங்கள், ஸ்கேனில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று பதிவாகியிருக்கும்.

விலைக்கும் அரிதுக்கும் டெர்ரி காக்ஸ் தொகுத்த வட அமெரிக்க ரயில்வே பத்திரப் பட்டியலைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் அதில் ஒரு எண் உண்டு, விற்பனையாளர்களும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். ஓல்டு சாக்ரமெண்டோவில் மாநில ரயில்வே அருங்காட்சியகத்தோடு ஒரு நூலகமும் இருக்கிறது, கம்பெனி ஆவணங்கள் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். விலை மதிப்பீட்டை மட்டும் அங்கே கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை.

6. எங்கே வாங்குவது, மொத்தம் எவ்வளவு ஆகும்

ஈபேயில் ஆரம்பிக்கலாம், ஆனால் முதல் ஒரு மாதம் பாருங்கள், வாங்காதீர்கள். கேட்கும் விலையை விட்டுவிட்டு "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டு உண்மையில் போன விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பாண்டுக்கு ஒருவர் 400 டாலர் கேட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், பக்கத்திலேயே இன்னொன்று 45க்குப் போயிருக்கும்.

ஏல நிறுவனங்கள் என்றால் ரீனோவில் ஹோலபர்ட் வெஸ்டர்ன் அமெரிக்கானா மேற்குப் பகுதிச் சுரங்க, ரயில்வே காகிதங்களுக்குப் பேர்போனது. ஸ்பிங்க், ஹெரிடேஜ், ஆர்க்கைவ்ஸ் இன்டர்நேஷனல் ஆகியவற்றிலும் வரும். இங்கே தரம் கூடுதல், வர்ணனை நம்பகமானது, ஆனால் சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்து நிற்கும் விலை, உங்கள் விலை இல்லை. ஒரு உதாரணம்: ஏலத்தில் 200 டாலருக்கு உங்கள் பெயருக்கு விழுந்தது என்று வையுங்கள். வாங்குபவர் கமிஷன் 25 சதம் என்றால் 50. மொத்தம் 250க்கு சாக்ரமெண்டோவில் 8.75 சத விற்பனை வரி, கிட்டத்தட்ட 22. தபாலும் காப்பீடும் 20. கையில் வந்து சேரும்போது 292. ஏலம் கேட்கும் முன் இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் வீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும்.

1870க்குப் பிந்தைய சாதாரண ரயில்வே பாண்டுகள் 20 முதல் 60 டாலருக்கே கிடைக்கும். முதல் நான்கைந்தை அந்த விலையில் வாங்கிக் கை பழகிவிட்டு, அப்புறம் கலிஃபோர்னியா 1850, 60களுக்குப் போங்கள், அங்கே நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். அவசரப்பட வேண்டியதே இல்லை. ஒரு பெரிய சேகரிப்பு கலைந்து ஏலத்துக்கு வரும்போது அரிது என்று நினைத்தது ஒரே நாளில் பத்து பிரதி வெளியே வந்து விலை சரிந்துவிடும்.

7. கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

ரசீது. அதில் வெறும் "பழைய பத்திரம்" என்று எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். கம்பெனி பெயர், தேதி, பாண்டு எண், வெளியிட்டதா ரத்தானதா, "அசல்" என்ற சொல், இவ்வளவும் வேண்டும். ஏலம் என்றால் அந்தப் பொருளின் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள், பிற்பாடு தேடினால் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். முன்னால் யாரிடம் இருந்தது என்று தெரிந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். "உண்மைச் சான்றிதழ்" என்று விற்பவரே அச்சடித்துத் தருவது ரசீதைவிட ஒரு பைசா கூடுதல் பெறாது.

போலி என்று தெரிந்தால் திருப்பித் தரும் கெடுவையும் பணம் கட்டும் முன் பாருங்கள். ஈபேயில் பொருள் வந்ததிலிருந்து பொதுவாக 30 நாள். ஏல நிறுவனங்களில் நிபந்தனை வேறு வேறு, சிலர் கையெழுத்தின் உண்மைக்கு மட்டும் பொறுப்பேற்பார்கள், தாளின் நிலைக்கு ஏற்க மாட்டார்கள். பெட்டி வந்த அன்றே பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, இருபக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

8. தபாலும் பராமரிப்பும்

கூப்பனோடு சேர்ந்த பாண்டு விரித்தால் செய்தித்தாள் அளவுக்கு வரும். மடித்து வைத்த மடிப்பிலேயே நூற்றைம்பது ஆண்டு இருந்திருக்கும், அந்த மடிப்புக் கோடுகளில்தான் கிழியும். ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய பாண்டைச் சாதாரண உறைக்குள் நுழைக்க இன்னொரு மடிப்பு புதிதாகப் போட்டிருந்தார். அதிலிருந்து பணம் கட்டும் முன்பே எழுதிவிடுகிறேன்: இருக்கிற மடிப்பைத் தவிர வேறு மடிக்கக் கூடாது, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள். விலை உயர்ந்ததற்கு அமெரிக்கத் தபாலின் ரெஜிஸ்டர்டு அஞ்சல் மெதுவாகத்தான் வரும், ஆனால் கைக்குக் கை கையெழுத்து வாங்கி வரும்.

வீட்டில் வைக்க பாலியெஸ்டர் உறை, பிவிசி வேண்டவே வேண்டாம், அது நாளடைவில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் செய்தால் அதோடு பாண்டு செத்தது. செல்லோ டேப்பும் அப்படித்தான். 1860களுக்கு முந்தைய தாள் துணிக்கந்தலில் செய்தது, அதிசயமாக உறுதியாக இருக்கும், பிந்தைய மரக்கூழ்த் தாள்தான் நொறுங்கும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசையிருந்தால் நல்ல வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள், வெயில் படும் சுவரில் கையெழுத்து மை வெளுத்துப் போகும்.

9. விற்க நினைத்தால்

வியாபாரி சில்லறை விலையில் பாதிகூடத் தர மாட்டார், அவர் பிழைப்பு அது. ஏலத்தில் போட்டால் விற்பவர் கமிஷன் போக மீதி, பணம் கைக்கு வர சில மாதம் ஆகும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால் அமெரிக்க வரிச் சட்டத்தில் இது சேகரிப்புப் பொருள், நீண்டகால லாபத்துக்கு அதிகபட்சம் 28 சதம் வரை போகும், பங்குகளுக்கான குறைந்த வீதம் கிடைக்காது. வாங்கிய விலையோடு கமிஷன், விற்பனை வரி, தபால் எல்லாம் சேர்த்து அடக்கவிலையாகக் காட்டலாம். அதற்குத்தான் ஏழாவது படியில் சொன்ன ரசீதுகள். பாண்டோடு சேர்த்து வைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள், ஸ்டேப்லர் பின் துரு தாளில் இறங்கினால் போகாது.